தேக்கு வழக்கும் மாந்தலேயின் வீழ்ச்சியும்: 1885-ஆம் ஆண்டு நிங்யான் காட்டுத் தீர்ப்பு குறித்த ஒரு மறுநோக்கு

முன்னுரை

மூன்றாம் ஆங்கில - பர்மியப் போர் தென்கிழக்காசிய வரலாற்றுப் பாடநூல்களில் பெரும்பாலும் ஓரிரு பத்திகளிலேயே முடிந்துவிடுகிறது. அப்பத்திகளிலும் தீபோ மன்னரின் கொடுங்கோன்மையும் பிரெஞ்சுக்காரர்களின் ஊடுருவலும் முதலிடம் பெறும். இறுதியில், ‘ஒரு மர வணிக நிறுவனத்திற்கு விதிக்கப்பட்ட தண்டம் போருக்கு உடனடிக் காரணமாயிற்று’ என்ற ஒரு தொடர் வரும். அத்தண்டம் எதன்பொருட்டு விதிக்கப்பட்டது, விதித்த மன்றம் எத்தகையது, நிறுவனத்தின் எதிர்வாதம் யாது என்னும் வினாக்களுக்கு அந்நூல்களில் விடை கிடைப்பதில்லை. பதினைந்து நாள்களில் முடிந்த ஒரு போரின் நிழலில், பல ஆண்டுகளாக வளர்ந்துவந்த ஒரு வழக்கு மறைந்துபோயிற்று எனலாம். அவ்வழக்கை வழக்காகவே எடுத்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. உரிமம் பெற்று வெட்டிய மரத்தை அரசு எப்போது, எந்த அடிப்படையில் தடுத்து வைக்கலாம் என்பதே இதன் மையமான வினா.

அரச மரம் என்னும் கருத்து

இங்கு ‘அரச மரம்’ என்றது ஊர்க்குளக்கரையில் நிற்கும் மரத்தை அன்று. அரசனுக்கு உரிய மரத்தை. பர்மாவில் கொன்பவுங் மன்னர் ஆட்சியில் தேக்கு எங்கு வளர்ந்தாலும் அது அரசனின் உடைமை. மன்னரின் இசைவின்றி அதனை வெட்டுதல் குற்றம். இத்தகைய உரிமையைக் கீழைத்தேய எதேச்சாதிகாரத்தின் அடையாளமாக ஆங்கில அதிகாரிகள் பலர் எழுதியுள்ளனர். ஆயின் அவர்களின் சொந்த வரலாற்றையே புரட்டிப் பார்த்தால் வேறு காட்சி தென்படுகிறது.

மலபார்க் கரையின் தேக்கு, பம்பாய்க் கப்பல் துறைக்கு இன்றியமையாததாக இருந்தது. 1806-இல் காவல்துறையைச் சார்ந்த கேப்டன் வாட்சன் என்பார் அங்கு முதல் வனக் காப்பாளராக அமர்த்தப்பட்டார். மறு ஆண்டில், தேக்கின் மீதான அரசுரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கே உரியது எனவும், இசைவின்றி வெட்டுதல் கூடாது எனவும் அறிவிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் காடு உடைய ஜன்மிகளும் மர வணிகர்களும் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டனர். தம் நிலத்தில் நின்ற மரத்தைத் தாமே வெட்ட இயலாத நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் நீடித்த இவ்வேற்பாட்டைச் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1823-இல் நீக்கினார். திப்பு சுல்தான் முதலிய உள்நாட்டு ஆட்சியாளர்கள் கொண்டாடிய அதே உரிமையைத்தான் கம்பெனியும் தனதாக்கிக் கொண்டது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பர்மாவிலும் இதே போக்கைக் காணலாம். 1826-இல் தெனாசெரிம் ஆங்கிலேயர் வசமானது. அங்குள்ள தேக்குக் காடுகள் சில ஆண்டுகளிலேயே உரிமம் பெற்ற தனியாருக்குத் திறந்துவிடப்பட்டு, மௌல்மேன் மரச்சந்தையின் பசிக்கு விரைந்து இரையாயின. அந்தப் படிப்பினையின் விளைவாக, 1852-ஆம் ஆண்டுப் போரில் பெகு கைப்பற்றப்பட்டதும் அங்குள்ள தேக்கு முழுவதும் அரசுடைமை என அறிவிக்கப்பட்டது. 1856-இல் பெகு காடுகளின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற செருமானியர் டீட்ரிஃக் பிராண்டிஸ், பின்னர் இந்தியா முழுமைக்கும் வனத்துறைத் தலைவரானார். 1865, 1878 ஆகிய ஆண்டுகளின் இந்திய வனச் சட்டங்களும் 1881-ஆம் ஆண்டின் பர்மா வனச் சட்டமும் அடுத்தடுத்து வந்தன. ஐயத்திற்கு இடமான மரத்தைப் பிடித்து வைத்தல், பறிமுதல் செய்தல், அது அரசுக்கு உரியதன்று என மெய்ப்பிக்கும் சுமையை மரத்தை வைத்திருப்பவர் மீதே சுமத்துதல் ஆகியவை இச்சட்ட மரபின் கூறுகள். நிங்யான் வழக்கில் மாந்தலே அரசு மேற்கொண்ட நடவடிக்கையை எடைபோடுவார் இதனை மறத்தலாகாது.

நிங்யான் காடுகளும் ஒப்பந்தங்களும்

பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் (இனி, கார்ப்பரேஷன்) 1863-இல் பம்பாயில் தொடங்கப்பெற்றது. வாலஸ் என்னும் ஸ்காட்லாந்து வணிகக் குடும்பம் பர்மாவில் கொண்டிருந்த மர வணிகத்தை ஏற்று நடத்துவதே அதன் நோக்கமாகும். ஆங்கிலேயர் ஆண்ட கீழ்ப்பர்மாவில் பிராண்டிஸின் வனத்துறை கெடுபிடி மிகுந்ததாக இருந்தமையால், எல்லைக்கு அப்பால் மன்னரின் ஆட்சியில் இருந்த காடுகளின்பால் அந்நிறுவனத்தின் பார்வை திரும்பியது. மின்டோன் மன்னர் காலத்திலேயே குத்தகைகள் பெறப்பட்டன. அவற்றுள் முதன்மையானவை நிங்யான் காடுகள். நிங்யான் என்பது இன்றைய பியின்மனா. 2005-இல் மியன்மார் அரசு தன் தலைநகரை மாற்றிக்கொண்ட நேப்பியிடோ இதனை அடுத்தே அமைந்துள்ளது.

வழக்கைப் புரிந்துகொள்ள, தேக்குத் தொழிலின் நடைமுறையைச் சற்று அறிதல் வேண்டும். பச்சைத் தேக்கு நீரில் மிதவாது. எனவே நிற்கும் மரத்தின் அடியில் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிடுவர். மரம் நின்றவாறே பட்டுப்போய் உலர மூன்று ஆண்டுகள் வரை ஆகும். அதன்பின் வெட்டி, தடிகளாகத் துண்டித்து, உடைமைக் குறியைச் சுத்தியலால் அடித்து, யானைகளைக் கொண்டு ஓடைக்கரைக்கு இழுத்து வருவர். மழைக்காலப் பெருக்கு வந்தாலன்றித் தடிகள் ஓடையை விட்டு நகரா. ஓராண்டு மழை பொய்த்தால் அவை மறு ஆண்டு வரை மணலில் கிடக்க வேண்டியதுதான். பெருக்கில் சித்தாங் ஆற்றை அடைந்த தடிகள் எல்லையைக் கடந்து, ஆங்கிலேயரின் எல்லை நகரான டவுங்குவில் கணக்கெடுக்கப்பட்டு, அங்கிருந்து இரங்கூன் வாள்பட்டறைகளுக்குச் செல்லும். ஆக, ஒரு மரம் வளையமிடப்பட்ட நாளுக்கும் விற்பனையாகும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்துவிடும். அவ்விடைவெளியில் ஒப்பந்தம் மாறினால், அம்மரம் எந்த ஒப்பந்தத்திற்கு உட்பட்டது?

ஒப்பந்தங்கள் உண்மையிலேயே மாறின. 1880-க்கும் 1883-க்கும் இடையில் கார்ப்பரேஷனுக்கும் தீபோ மன்னரின் அரசுக்கும் இடையே அடுத்தடுத்து ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அவற்றுள் ஒன்று நல்ல, முழு அளவுள்ள தடிகளுக்கு எண்ணிக்கைப்படித் தீர்வை செலுத்துவது. மற்றொன்று, அளவிற் குறைந்தவை, பழுதுற்றவை எனக் கழிக்கப்பட்ட தடிகளுக்கு ஆண்டுதோறும் மொத்தத் தொகை ஒன்றைச் செலுத்திவிட்டு அவற்றைக் கொண்டுசெல்வது. இவ்விரு வகை ஏற்பாடும் ஒரே காட்டில், ஒரே நிறுவனத்திடம் சேர்ந்திருந்தமையே சிக்கலின் வேர் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஒரு தடி முழு அளவினதா, கழிவா என்பதைக் காட்டின் நடுவே முடிவு செய்பவர் ஒரு சிறு அதிகாரி. அவர் ‘கழிவு’ எனக் குறித்துவிட்டால் தீர்வை இல்லை. அவரைச் சரிக்கட்டுவதற்கான தூண்டுதல் ஒப்பந்தத்தின் அமைப்பிலேயே பொதிந்திருந்தது.

ஹ்லுத்தோவின் தீர்ப்பு

1885-இல் மாந்தலே அரசு முன்வைத்த குற்றச்சாட்டு மூன்று பகுதிகளை உடையது: தீர்வை செலுத்திய எண்ணிக்கையைப் போல் இரு மடங்கிற்கும் மேற்பட்ட தடிகளைக் கார்ப்பரேஷன் கொண்டுசென்றது, அதன்பொருட்டு உள்ளூர் அதிகாரிகளுக்குக் கையூட்டு அளித்தது, மரம் வெட்டிக் கொணர்ந்த பர்மிய ஒப்பந்தக்காரர்களுக்கு உரிய கூலியை முழுமையாகக் கொடுக்கவில்லை. முதற் குற்றச்சாட்டிற்கான சான்று வந்த இடம் வியப்புக்குரியது. டவுங்குவில் ஆங்கிலேய வனத்துறையினரே எழுதி வைத்திருந்த கணக்கு அது. எல்லையைக் கடந்த தடிகள் எத்தனை என்பது அதில் இருந்தது. அதனை மன்னரின் கருவூலத்திற்கு வந்த தீர்வைக் கணக்குடன் ஒப்பிட்டபோது இடைவெளி வெளிப்பட்டது. எதிரியின் ஏட்டையே சான்றாகக் காட்டிய இவ்வழக்கைக் காட்டுமிராண்டி அரசின் கண்மூடித்தனமான பறிப்பு என்று ஒதுக்கிவிட இயலாது.

ஹ்லுத்தோ என்பது அமைச்சர் அவை. அதுவே நாட்டின் உச்ச நீதிமன்றமுமாகும். அது 1885 ஆகஸ்டு 12-இல் தீர்ப்பளித்தது. ஏய்க்கப்பட்ட தீர்வையும் தண்டமுமாகச் சுமார் 23 இலட்சம் ரூபாயைக் கார்ப்பரேஷன் தவணைகளில் செலுத்த வேண்டும். ஒப்பந்தக்காரர்களுக்குச் சேர வேண்டியதையும் கொடுக்க வேண்டும். தவணை தவறினால் நிங்யான் காடுகளில் உள்ள அதன் மரங்கள் ஈடாகக் கைப்பற்றப்படும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இவற்றுள் கார்ப்பரேஷனை உண்மையில் அச்சுறுத்தியது இறுதிப் பகுதியே. பணத்தைப் பற்றிப் பேச்சு நடத்தலாம், காலம் கடத்தலாம். மழைப்பெருக்கு வடிந்துவிட்டால் தடிகள் நகரா. தடுத்து வைக்கப்பட்ட மரம் ஓராண்டு வணிகத்தையே விழுங்கிவிடும்.

கார்ப்பரேஷனின் எதிர்வாதம் முற்றிலும் வலுவற்றது என்பதற்கில்லை. எண்ணிக்கையில் வேறுபாடு இருப்பதை அது மறுக்கவில்லை. மிகுதியான தடிகள் மொத்தத் தொகை ஒப்பந்தத்தின் கீழ் ஏற்கெனவே விலை செலுத்தப்பட்டவை என்றே வாதிட்டது. தன் தரப்பை எடுத்துரைக்கப் போதிய வாய்ப்பு அளிக்கப்படவில்லை என்றும் முறையிட்டது. இரண்டாவது முறையீட்டில் நியாயம் உண்டு. குத்தகை கொடுத்தவர் மன்னர். குற்றம் சாட்டியவர் மன்னர். தீர்ப்பு வழங்கியதும் மன்னரின் அமைச்சர்கள். அவ்வமைச்சர் இடையிலும் ஒற்றுமை இல்லை. மூத்தவரான கின்வுன் மிஞ்சி ஆங்கிலேயருடன் இணங்கிப் போவதையே விரும்பினார். தைங்டா மிஞ்சி கடும்போக்கினர். கருவூலமோ வறண்டிருந்தது. பணமுடை இவ்வழக்கை விரைவுபடுத்தியிருக்கலாம். ஆனால் கடன் கேட்பவனுக்குப் பணமுடை இருப்பதால் கடனே இல்லை என்று ஆகிவிடாதன்றோ!

நடுவர் கோரிக்கையும் இறுதி எச்சரிக்கையும்

ஆங்கிலேய பர்மாவின் தலைமை ஆணையர் சர் சார்லஸ் பெர்னார்ட் ஆகஸ்டு 28-இல் மாந்தலேக்கு எழுதினார். தீர்ப்பை நிறுத்திவைத்து, இந்திய வைஸ்ராய் அமர்த்தும் நடுவரிடம் சிக்கலை ஒப்படைக்க வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. மேலோட்டமாக நோக்கினால் இது நடுநிலையான ஆலோசனையே. ஆயின் தன் நாட்டுக் காட்டில், தன் நாட்டுச் சட்டப்படி நடந்த வணிகம் குறித்துத் தன் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை வேற்றரசின் நடுவரிடம் ஒப்படைக்குமாறு ஓர் இறைமையுள்ள அரசு கேட்கப்படுகிறது. அந்நடுவரை அமர்த்தப்போவதும் வழக்கின் மறுதரப்புக்குப் பாதுகாவலனாக நிற்கும் அரசே. மாந்தலே இதனை ஏற்க மறுத்தது.

இதற்குள் வழக்கு அரசியலாகிவிட்டது. 1885 சனவரியில் பிரான்சும் பர்மாவும் பாரிசில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. தொங்கிங் வழியாக ஆயுதம் அனுப்புவது பற்றிப் பிரெஞ்சுத் தலைமை அமைச்சர் ஜூல் ஃபெரி எழுதிய மறைமுகக் கடிதம் ஒன்று பின்னர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதனைக் கொணர்ந்து கொடுத்தவர் அந்திரெய்னோ என்பவர். அவர் மாந்தலேயில் இத்தாலியத் தூதர். அதே வேளையில் கார்ப்பரேஷனின் முகவர். ஒருவரே இரு தொப்பிகளை அணிந்திருந்தமை அக்கால மாந்தலேயின் நிலையைத் தெளிவாக உணர்த்தும். புதிய பிரெஞ்சுத் தூதர் ஆஸ், வங்கி, இருப்புப்பாதை எனப் பல திட்டங்களை வரைந்தார். நிங்யான் காடுகள் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கைமாறப்போகின்றன என்ற பேச்சும் இரங்கூனில் பரவியது. எனினும் ஃபெரியின் அமைச்சரவை தொங்கிங் தோல்வியால் மார்ச்சிலேயே கவிழ்ந்துவிட்டது. இலையுதிர் காலத்திற்குள் பிரான்சு ஆஸைக் கைகழுவிவிட்டது. பிரெஞ்சு அச்சம் தணிந்துகொண்டிருந்த வேளையிலேதான் போர் முரசு ஓங்கி ஒலித்தது என்னும் கால வரிசையை ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுவது நலம்.

அக்டோபர் 22-ஆம் நாளிட்ட இறுதி எச்சரிக்கையில் மரத்தைப் பற்றிய பகுதி சிறியதே. சிக்கலைத் தீர்க்க வரும் தூதரை முறைப்படி வரவேற்க வேண்டும். அவர் வரும்வரை கார்ப்பரேஷன்மீது நடவடிக்கை கூடாது. இவை இரண்டும் வழக்கைச் சார்ந்தவை. எஞ்சியவை வேறு: மாந்தலேயில் காவற்படையுடன் கூடிய நிலையான ஆங்கிலப் பிரதிநிதி, சீனத்துடன் வணிகம் செய்ய வசதி, அயலுறவுகளை இந்திய அரசின் விருப்பப்படி நடத்துதல். ஒரு தீர்வை வழக்கின் முதுகிலேறி ஒரு நாட்டின் இறைமையே கேட்கப்பட்டது.

நவம்பர் 9-இல் இரங்கூனை அடைந்த மன்னரின் மறுமொழி முற்றான மறுப்பன்று. கார்ப்பரேஷன் மனுச் செய்தால் தண்டத்தைப் பற்றி ஆராயலாம் என்றது அது. ஆங்கிலப் பிரதிநிதி வரலாம், வணிகத்திற்கும் உதவலாம். அயலுறவு பற்றி மட்டும், இரு நாட்டுக்கும் நட்பான பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகள் கூடி முடிவு செய்யட்டும் என்றது. மர வழக்கைப் பொறுத்தவரை வாயில் திறந்தே இருந்தது என்பதை இம்மறுமொழி காட்டுகிறது. இந்திய அரசு இதனை மறுப்பாகவே கொண்டது. நவம்பர் 14-இல் படைகள் எல்லை கடந்தன; 17-இல் மின்ஹ்லாக் கோட்டை வீழ்ந்தது; 28-இல் மாந்தலே. மறுநாள் தீபோ மன்னர் நாடு கடத்தப்பட்டார். 1886 சனவரி முதல் நாளன்று மேல்பர்மா விக்டோரியா அரசியாரின் ஆட்சிப் பகுதியென வைஸ்ராய் டஃபரின் பிரபு அறிவித்தார். பின்னாளில் அவர் பெற்ற பட்டத்தில் ‘ஆவா’ என்னும் பர்மியத் தலைநகரின் பெயரும் இடம்பெற்றது.

தீர்ப்புக்குப் பின்

ஹ்லுத்தோவின் தீர்ப்பு மேல்முறையீட்டில் மாற்றப்படவில்லை. தீர்ப்பளித்த மன்றமே இல்லாமற் போயிற்று. கார்ப்பரேஷன் தன் குத்தகைகளைத் தொடர்ந்தது. டவுங்குக் கணக்கும் மாந்தலேக் கணக்கும் நடுநிலையான ஒரு மன்றத்தின் முன் அருகருகே வைத்து ஆராயப்படவே இல்லை. 1886-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கடிதத் தொகுப்பு ஒரு தரப்பின் ஏடு. மறுதரப்பின் ஏடுகளிற் பல, படையினர் மாந்தலே அரண்மனையில் தங்கியிருந்த நாள்களில் அழிந்தன. எஞ்சிய ஹ்லுத்தோ ஆவணங்களிற் சிலவற்றை டா செயின் கோ 1889-இல் தொகுத்து வெளியிட்டார். கார்ப்பரேஷனின் நூற்றாண்டு வரலாற்றை 1964-இல் எழுதிய பாயிண்டனும், காடழிப்பு நோக்கில் தீபோ ஆட்சியை ஆராய்ந்து 1974-இல் நூல் வெளியிட்ட கீட்டனும் ஒரே நிகழ்வை நேரெதிர்த் திசைகளிலிருந்து காண்பதற்கு இச்சான்றுக் குறைவும் ஒரு காரணமாகும்.

இவ்வழக்கின் செலவு யார் தலையில் விழுந்தது என்னும் வினா அன்றே எழுந்தது. 1885 திசம்பர் இறுதியில் பம்பாயில் கூடிய இந்திய தேசியக் காங்கிரசின் முதல் மாநாடு, மேல்பர்மாவை இணைப்பதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இணைத்தே தீருவதாயின் பர்மா முழுவதையும் இந்தியாவிலிருந்து பிரித்து, இலங்கையைப் போன்று தனிக் குடியேற்ற நாடாக்க வேண்டும் என்றும் அது கோரியது. பர்மா அவ்வாறு பிரிக்கப்பட்டது 1937-இல்தான்.

தமிழகத்திற்கும் இவ்வரலாற்றிற்கும் உள்ள தொடர்பு அதிகம் பேசப்படுவதில்லை. படையை நடத்திச்சென்ற தளபதி பிரெண்டர்காஸ்ட் சென்னையிற் பிறந்தவர். சென்னைப் பொறியாளர் படையில் வளர்ந்தவர். சென்னைக் காலாட்படைப் பிரிவுகளும் அவருடன் சென்றன. தீபோ மன்னரும் அரசி சுபயாலாட்டும் முதலில் கொண்டுவரப்பட்டது சென்னைக்கே. 1886 ஏப்ரலில் மேற்குக் கரையின் இரத்தினகிரிக்கு மாற்றப்படும்வரை அவர்கள் அங்கு வைக்கப்பட்டிருந்தனர். மன்னர் 1916-இல் இரத்தினகிரியிலேயே காலமானார்.

கார்ப்பரேஷனும் தமிழகத்திற்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனைமலையில் தோட்டத் தொழிலைத் தொடங்கிய அந்நிறுவனம், 1929-இல் திருநெல்வேலிச் சீமையின் சிங்கம்பட்டி சமீன்தாரிடமிருந்து பொருநையாற்றை அடுத்த மலைக்காட்டில் எண்ணாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தது அங்கேதான். சமீன் ஒழிப்பிற்குப் பின் அக்காடு அரசுக்கு உரியதாயிற்று; குத்தகை மட்டும் தொடர்ந்தது. காடு யாருடையது, குத்தகைதாரருக்கு அதில் உள்ள உரிமை எதுவரை என்னும் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றன. குத்தகைக் காலம் 2028-இல் முடிவடைய இருந்த நிலையில், 2024-இல் நிறுவனம் அங்குத் தோட்டத் தொழிலை நிறுத்திக்கொண்டது. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தொழிலாளர்கள், மலையை விட்டு இறங்க வேண்டுமா என்று கேட்டு அதே ஆண்டில் அதே நீதிமன்றத்தை நாடினர். 1885-இல் ஹ்லுத்தோவின் தீர்ப்பில், நிங்யான் காட்டில் மரம் வெட்டியோருக்குச் சேர வேண்டிய தொகை பற்றியும் ஒரு பகுதி இருந்தது. அவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ள கடிதத் தொகுப்புகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.